சாமத்தியவீட்டுக்கும் கலியாணவீட்டுக்கும் நடுவில் ஒரு ஃபெலோஷிப் விண்ணப்பம்

கமரா வாங்கி ஒரு வருடமானவர்களுக்கு இது உதவாது, முதலே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருடமாகப் படமெடுத்துக்கொண்டு, நல்ல மாதங்களில் கலியாணவீடு, சாமத்தியவீடு என்று ஓடி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டு, அதற்கு நடுவில் தனக்கென்று ஏதோ ஒன்றை எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள் யாழ்ப்பாணத்தில் எனக்குத் தெரிந்தே கன பேர் இருக்கிறார்கள். ஃபெலோஷிப் என்றால் அது கொழும்பில் இருப்பவர்களுக்கு, டெல்லியில் இருப்பவர்களுக்கு என்று விட்டுவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் கிடந்தேன். பிறகு நான்கு முறை போட்டேன், மூன்று முறை இல்லை என்று பதில் வந்தது, நான்காவது முறை கிடைத்தது. அந்த மூன்று தோல்வியிலும் நான் விட்ட பிழைகள்தான் இந்தக் கட்டுரையில் பாதி.

முதல் பிழை: ஃபெலோஷிப்பை ஒரு பரிசு என்று நினைத்தது. போட்டி என்றால் எடுத்து முடித்த படத்துக்குத் தருவார்கள். ரெசிடென்சி என்றால் ஓரிடத்துக்குக் கூப்பிட்டுத் தங்க வைப்பார்கள். ஃபெலோஷிப் என்பது நீங்கள் இனிமேல் செய்யப்போகிற வேலைக்காக உங்களுக்குத் தரும் காசு, அதைவிட முக்கியமாக, நேரம். பழைய வேலை ஒரு சாட்சி மட்டும், இந்த ஆள் தொடங்கினால் முடிப்பார் என்பதற்கு. நான் முதல் விண்ணப்பத்தில் எட்டுப் பக்கத்துக்கு என்னென்ன எடுத்தேன் என்று எழுதி, என்ன எடுக்கப்போகிறேன் என்பதை ஆறு வரியில் முடித்திருந்தேன். கொஞ்சக் காலம் வேலை செய்த எல்லோருக்கும் இந்த நோய் இருக்கிறது, சொல்லப் பழைய கதை நிறைய இருப்பதால். படிவத்தில் ‘மிட்-கரியர்’ என்று போட்டிருந்தால் வயதைக் கேட்கவில்லை. தொடர்ச்சியாக ஒரு வேலை செய்திருக்கிறீர்களா, அடுத்த படிக்குப் போக எது தடுக்கிறது என்றுதான் கேட்கிறார்கள். என்னைத் தடுத்தது சனி ஞாயிறு. கலியாணவீடு எல்லாம் வேறு எந்த நாளில் வருகிறது?

எதற்குப் போடலாம், எதற்குப் போட முடியாது

தகுதிப் பந்தியைக் கடைசியாகத்தான் எல்லோரும் வாசிக்கிறோம். அதை முதலில் வாசித்தால் ஒரு மாதம் மிச்சம். குகன்ஹைம் ஃபெலோஷிப்பை எடுங்கள். 1925இல் தொடங்கியது, ஏற்கெனவே வேலையைக் காட்டிய கலைஞர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் கொடுப்பது, பெயரும் பெரிது. ஆனால் அமெரிக்க, கனடியக் குடிமக்களும் நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களும் மட்டும்தான் போடலாம். ஸ்காபரோவில் இருக்கும் உங்கள் மச்சாளுக்கு வழி இருக்கிறது, கோண்டாவிலில் இருக்கும் உங்களுக்கு இல்லை. ஹார்வர்டின் பீபொடி அருங்காட்சியகம் கொடுக்கும் ரொபேர்ட் கார்ட்னர் ஃபெலோஷிப் வேறு மாதிரி. 2007இலிருந்து கொடுக்கிறார்கள், 50,000 டொலர், உலகத்தில் எங்கேயாவது மனித வாழ்க்கையைப் பற்றிப் புதிதாகப் படமெடுத்து அதைப் புத்தகமாக்குவதற்கு. 2008இல் டெல்லியைச் சேர்ந்த புகைப்படக்கலைஞர் தயானிதா சிங்குக்குக் கிடைத்தது. நாமாக விண்ணப்பிக்கும் வகை இல்லை அது, துறையில் இருப்பவர்கள் பெயரை முன்மொழிய வேண்டும். அப்படியானவற்றுக்குப் படிவம் தேடி அலையாதீர்கள். உங்கள் வேலையை வெளியில் நாலு பேர் பார்க்கும்படி வையுங்கள், அதுதான் அதற்கான விண்ணப்பம். டாக்காவின் சோபி மேளா புகைப்பட விழா, காத்மண்டுவின் புகைப்பட விழா, கொழும்பில் நடக்கும் கொழும்பஸ்கோப் கலை விழா போன்ற இடங்களில் படங்களைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பெயர் தானாகச் சுற்றும், மெதுவாகத்தான், ஆனால் சுற்றும்.

நியூயோர்க்கில் இருக்கும் டபிள்யூ. யூஜீன் ஸ்மித் நிதியம், அந்தப் பெயருடைய புகைப்படக்காரர் 1978இல் இறந்த பிறகு தொடங்கியது, எந்த நாட்டவரும் போடலாம். போட்டி கடுமை என்று சொல்லத் தேவையில்லை. ஆனாலும் அந்த விண்ணப்பத்தை எழுதிப் பார்ப்பதே ஒரு பயிற்சி. இவை தவிர ஆசியாவுக்குள் சின்னச் சின்னதாக வந்துபோவன நிறைய இருக்கின்றன. அவற்றில் இரண்டு விடயம் பாருங்கள். விண்ணப்பிக்கவே பெரிய தொகை கேட்டால் விட்டுவிடுங்கள். ‘அனுப்பும் எல்லாப் படங்களையும் எக்காலத்துக்கும் நாங்கள் பயன்படுத்தலாம்’ என்று எங்காவது ஒரு வரி இருந்தால், ஓடுங்கள்.

பிறகு இந்தப் பெயர்ப் பிரச்சினை. சிரிக்காதீர்கள், இதனால் ஒருவருக்குக் காசு மூன்று மாதம் வங்கியில் நின்றது. படிவம் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று கேட்கும். நமக்குக் குடும்பப்பெயர் எங்கே இருக்கிறது? அப்பாவின் பெயர் முன்னால், நம் பெயர் பின்னால், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், கடவுச்சீட்டில் இன்னொன்று, வங்கிக் கணக்கில் இனிஷியல். கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே படிவத்தில் போடுங்கள், அதே பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று முதலே பாருங்கள். படங்களுக்குக் கீழே வேறு பெயர் போடுபவராக இருந்தால் அதற்கென்று தனி இடம் இருக்கும், அங்கே போடலாம்.

ஒரு வரி

இனி முக்கியமான வேலை. என் முதல் மூன்று விண்ணப்பங்களின் தலைப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்: போருக்குப் பின்னான யாழ்ப்பாணம். ஒருவேளை நீங்கள் இப்போது எழுதிக்கொண்டிருப்பதும் அதுவாக இருக்கலாம். தேர்வுக் குழுவில் இருப்பவருக்கு ‘போருக்குப் பின்னான’ என்று தொடங்கும் விண்ணப்பம் பொஸ்னியாவிலிருந்தும் வரும், ருவாண்டாவிலிருந்தும் வரும், நம் பக்கத்திலிருந்தே நாலு வரும். நினைவு, வடு, அடையாளம், இந்த மூன்று சொல்லையும் முழு விண்ணப்பத்திலிருந்தும் வெட்டிவிட்டு மிஞ்சுவது என்ன என்று பாருங்கள். என்னுடையதில் ஒன்றும் மிஞ்சவில்லை.

நான்காவது முறைக்கு முன் வலிகாமம் வடக்கில் சும்மா படமெடுத்துக்கொண்டிருந்தேன். 1990இல் சனம் விட்டுப்போன வளவுகள், இருபது இருபத்தைந்து வருடம் கழித்து இராணுவத்திடமிருந்து துண்டு துண்டாக விடுபட்டவை, வீடு இருந்த இடத்தில் பற்றை, ஆனால் கிணறு மட்டும் அப்படியே. ஒரு ஆச்சி வந்து பக்கத்தில் நின்றா. “தம்பி, உந்தக் கிணத்தில எங்களுக்கு எட்டில ஒரு பங்கு. உறுதியிலயும் கிடக்கு. மிச்சம் ஏழு பங்கும் கனடாவிலயும் லண்டனிலயும் நிக்குது” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அவ்வளவுதான். அன்றிரவு எனக்கு விண்ணப்பம் முடிந்துவிட்டது.

யாழ்ப்பாணத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை, எங்கள் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கும் வழி வாய்க்காலும் எழுதியிருக்கும். வெளியாருக்கு விளக்க வேண்டும், அங்கேதான் திட்டத்துக்கு எலும்பு வருகிறது: குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லை, ஐப்பசி கார்த்திகையில் பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கு இறைக்கிறோம், அதனால் தண்ணீரைப் பங்குபோட்டு எழுத்தில் வைக்கும் வழக்கம் வந்தது, பிறகு பங்காளிகள் உலகமெல்லாம் போய்விட்டார்கள், பங்கு மட்டும் கிணற்றோடு நிற்கிறது. நான் எழுதிய முதல் வரி இதுதான்: ‘பன்னிரண்டு பங்குக் கிணறுகளையும், அவற்றின் உறுதிகளையும், பங்குக்காரர்கள் இன்று தண்ணீர் பிடிக்கும் இடங்களையும் படமெடுக்கப்போகிறேன்.’ எண்ணிக்கை இருக்கிறது, பொருள் இருக்கிறது, ஏன் காசும் நேரமும் வேண்டும் என்பதும் அந்த வரிக்குள்ளேயே இருக்கிறது. போர் என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை. வாசித்தவருக்கு விளங்காமல் போகவில்லை.

உங்களுடையது கிணறாக இருக்கத் தேவையில்லை. குருநகரில் வலை பொத்துபவர்களாக இருக்கலாம், குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகுக்கு நிற்கிற சனமாக இருக்கலாம், ரவுணில் பூட்டப்பட்ட பழைய ஸ்ரூடியோக்களின் பின்திரைகளாக இருக்கலாம் (இதை யாராவது செய்யுங்கள், திரைகள் உக்கிப்போவதற்குள்). ஒரு சோதனை: திட்டத்தை உங்கள் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் ஒரு வரியில் சொல்லுங்கள். “ஓ, அப்ப எங்கட சித்தப்பாவின்ர வளவுக்கும் போய்ப் பாருமன்” என்று அவர் சொன்னால் சரியான திட்டம். “நல்லம் தம்பி” என்று சொன்னால் திரும்ப எழுதுங்கள்.

ஆராய்ச்சி செய்திருக்கிறீர்கள் என்பதையும் காட்ட வேண்டும். 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் பழைய பத்திரிகைகள், நினைவு மலர்கள், பிரசுரங்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பங்காளிகளைத் தேடிப்பிடிக்க எனக்கு மிகவும் உதவியது அந்தியேட்டிக் கல்வெட்டுகள்தான், அதாவது இறந்தவரின் நினைவாக அந்தியேட்டியன்று கொடுக்கும் சிறு புத்தகங்கள். யார் யாருக்கு யார், எந்த நாட்டில் என்று குடும்ப மரமே போட்டிருக்கும்.

படத் தெரிவு

பெரும்பாலும் 15இலிருந்து 20 படம் கேட்பார்கள். இருபது கேட்டால் இருபதும் அனுப்ப வேண்டும் என்று சட்டம் இல்லை, பதினாறு வலுவாக இருந்தால் பதினாறு போதும். குழுவினர் கடைசியாக நினைவில் வைத்திருப்பது உங்கள் ஆகச் சுமாரான படத்தை. ஒரே தொடரிலிருந்து, அல்லது கூடினால் இரண்டு தொடர்களிலிருந்து எடுங்கள். கலியாணப் படம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் வேண்டாம், அதேபோல நல்லூர்த் தேரும் பண்ணைப் பாலத்தில் சூரியன் விழுகிறதும்.

தெரிவைக் கணினித் திரையில் செய்யாதீர்கள். நூறு படத்தை 4×6 அளவில் மலிவாக அச்சடித்து விறாந்தையில் பரப்புங்கள். நடந்து திரியுங்கள். பிள்ளைகள் மிதிப்பார்கள், பரவாயில்லை. இரண்டு கிழமை அப்படியே விட்டால் எது நிற்கிறது, எது போகிறது என்று தெரியும். 1955இல் குகன்ஹைம் கிடைத்து அமெரிக்காவைச் சுற்றிய ரொபேர்ட் ஃபிராங்க் 27,000 படமளவில் எடுத்துவிட்டுப் புத்தகத்தில் வைத்தது 83. நமக்கு ஒரு படத்தை நீக்கச் சொன்னால் நெஞ்சு வலிக்கிறது. உங்களுக்கு நெஞ்சு வலிக்கும் படத்தைப் படமெடுக்காத ஒருவரிடம் காட்டுங்கள், அவருக்கு ஒன்றும் தெரியாவிட்டால் உங்களுக்கு வலிப்பது அந்த நாள், படம் இல்லை.

தொழில்நுட்பம் சுருக்கமாக: நீளப் பக்கம் 2000 பிக்சல் அளவு, எஸ்ஆர்ஜிபி வண்ணம், ஜேபெக், அவர்கள் வேறு அளவு சொன்னால் அது. கோப்புப் பெயரில் தமிழ் எழுத்து வைக்காதீர்கள், சில தளங்கள் அதை விழுங்கிவிடும். எண்ணும் ஆங்கில எழுத்தும் போதும். குறிப்பில் இடம், வருடம், படத்தில் நடப்பது. ‘தனிமையின் மௌனம்’ மாதிரித் தலைப்புகளை நான் ஒருகாலத்தில் வைத்தேன், நினைத்தால் இப்போது வெட்கம்.

எழுத்தைத் தமிழில் எழுதிவிட்டுப் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். நேரடியாக ஆங்கிலத்தில் தொடங்கினால் நமக்குத் தெரிந்த ஆங்கிலம்தான் திட்டத்தின் எல்லையாகிவிடும். மொழிபெயர்ப்பவர் ஆங்கில ஆசிரியராக இருந்தால் ஒரு எச்சரிக்கை, அவர் அழகாக்கப் பார்ப்பார். என் ‘கிணற்றுக் கட்டில் பாசி’ என்பதை ஒருவர் இயற்கையின் பச்சைக் கம்பளம் என்று மாற்றிக் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்து ஒவ்வொரு வரிக்கும் இது நான் சொன்னதுதானா என்று கேளுங்கள்.

பரிந்துரைக் கடிதத்துக்கு நாங்கள் உடனே ஓடுவது பள்ளி அதிபரிடமும் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) இருக்கும் பெரியவர்களிடமும். அவர்கள் நீங்கள் நல்ல குடும்பத்துப் பிள்ளை என்று எழுதித் தருவார்கள், அதனால் ஒரு பயனும் இல்லை. உங்களோடு வேலை செய்தவர், உங்கள் கண்காட்சியை ஒழுங்குசெய்தவர், படத்தைப் பத்திரிகையில் போட்ட ஆசிரியர், பல்கலைக்கழக நுண்கலைத் துறையில் உங்கள் வேலையைப் பார்த்தவர், இவர்களில் இரண்டு பேர். ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். ஒரு பக்கத்தில் திட்டத்தையும், எதைப் பற்றி எழுதினால் நல்லது என்பதையும் கொடுங்கள், கூச்சப்படாமல். கடிதத்தை அவர்களே நேரடியாக ஏற்ற வேண்டும் என்றால் அதைக் கேட்டு அவர்களுக்கு வரும் மின்னஞ்சல் குப்பைப் பெட்டிக்குள் போயிருக்கும், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கு

குறைவாகக் கேட்டால் தருவார்கள் என்பது நம் ஊர் நினைப்பு. என் முதல் வரவுசெலவில் பஸ் காசு, அச்சுச் செலவு, ஒரு லென்ஸ், அவ்வளவுதான். அதைப் பார்த்த நண்பன் ஒருவன் கேட்டான்: “மச்சான், நீ வேலை செய்யிற நாளுக்கு ஆர் காசு தாறது?” அந்தக் கேள்வியைத்தான் குழுவும் கேட்கும். ஒரு வருடம் இந்த ஆள் எப்படிச் சாப்பிடப்போகிறார் என்று தெரியாத திட்டம் பாதியில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமைக் கலியாணவீட்டை விட்டால் எவ்வளவு இழக்கிறீர்களோ, அதை நாட்கூலியாக வைத்து, எத்தனை நாள் என்று பெருக்கி, முதல் வரியில் போடுங்கள். பிறகு பெற்றோல், படகு, துணைக்கு வருபவரின் சம்பளம், மொழிபெயர்ப்பு, சேமிப்பு டிஸ்க், படத்தில் இருப்பவர்களுக்குக் கொடுக்கும் பிரதிகள், வங்கிக் கட்டணம். கடைசியில் எதிர்பாராத செலவுக்கென்று பத்து வீதம்.

அந்தப் பத்து வீதம் ஏன் என்று 2022ஐ நினைவிருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வருடத் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஆனது. 2021 டிசம்பரில் லீற்றர் 177 ரூபாவான பெற்றோல் ஐந்து மாதத்தில் 420. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. ரூபாவில் கணக்கெழுதி ரூபாவாக மாற்றிக் கையில் வைத்திருந்தவர்களின் திட்டம் எல்லாம் அப்போதே கவிழ்ந்தது. ஆகவே கணக்கை டொலரில் எழுதுங்கள், கிடைத்தால் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்துத் தேவைக்கு எடுங்கள். காசு வரும்போது எங்கிருந்து, எதற்கு என்று வங்கி கேட்கும். தெரிவுக் கடிதத்தின் பிரதியை முதலே கொண்டுபோய்க் கொடுத்தால் அலைச்சல் குறைவு. வரியை ஒரு கணக்காளரிடம் கேளுங்கள், என்னிடம் கேட்காதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்தைத் திட்டத்தின் நடுவில் வைக்காதீர்கள், விசா நம் கையில் இல்லை. நான் கனடாப் பங்காளிகளிடம் போவதாக எழுதவில்லை. அவர்கள் தங்கள் குசினிக் குழாயைத் தாங்களே படமெடுத்து அனுப்புவார்கள், நான் அவர்களுடைய கிணற்றை எடுப்பேன், இரண்டும் பக்கத்துப் பக்கம் வரும் என்று எழுதினேன். விசாவுக்குப் பயந்து எழுதியதுதான், கடைசியில் அதைத்தான் குழுவில் ஒருவர் நேர்முகத்தில் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டார்.

அனுமதியும் சம்மதமும்

இதற்கென்று தனிக் கேள்வி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு பந்தி எழுதுங்கள். முகாம் வேலி, பலாலி விமான நிலையச் சுற்றாடல் என்றால் எங்கே கமராவை எடுப்பதில்லை என்று நமக்குத் தெரியும், ஆனால் தெரியும் என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். ட்ரோனுக்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அது வரும் வரும் என்று திட்டத்தைக் கட்டிப்போடாதீர்கள்.

சம்மதப் பத்திரம் வேறு சங்கதி. பல நிறுவனங்கள் கையெழுத்திட்ட பத்திரம் கேட்கும். எங்கள் சனத்திடம் கடந்த முப்பது வருடத்தில் எத்தனை பேர் வந்து கையெழுத்து வாங்கிப் போனார்கள் என்று யோசித்துப் பாருங்கள், கணக்கெடுப்பு, பதிவு, நிவாரணம், காணாமல்போனோர் விபரம். பேப்பரை நீட்டினால் கதவு சாத்தும். அதிலும் காணி உறுதியைப் பார்க்கக் கேட்கிறவன் நான், எவ்வளவு சந்தேகம் வந்திருக்கும்! அதனால் தமிழில் வாசித்துக்காட்டி, அவர்கள் குரலிலேயே சம்மதத்தைப் பதிவுசெய்வேன், முகமோ உறுதியின் இலக்கமோ வேண்டாம் என்றால் விடுவேன், பிறகு மனம் மாறினால் படத்தை நீக்கிவிடுவேன் என்று விளக்கி எழுதினேன். ஒப்புக்கொண்டார்கள். எந்த நிறுவனமும் நியாயமான காரணம் சொன்னால் கேட்கும்.

கடைசி நாள்

நியூயோர்க் நேரம் இரவு 11.59 என்று போட்டிருந்தால் எங்களுக்கு அது மறுநாள் காலை 9.29, அவர்களுடைய குளிர்காலத்தில் 10.29. ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் நேரம் என்றால் விடியப்புறம் 3.29 அல்லது 4.29. இது தெரியாமல் ஒருமுறை இரவு பன்னிரண்டுக்குள் அவசரமாகப் பிழையான கோப்பை ஏற்றிவிட்டு, விடிந்து எழும்பித்தான் இன்னும் நேரம் இருந்தது என்று கண்டுபிடித்தேன். எப்படியும் இரண்டு நாள் முன்னரே அனுப்பிவிடுங்கள், மழை பெய்தால் இணைப்பு எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே.

நேர்முகம் வந்தால் சூமில்தான். தொலைபேசி டேட்டாவைத் தயாராக வையுங்கள். ஆங்கிலம் தடக்கினால் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொள்ளலாமா என்று முதலே மின்னஞ்சலில் கேளுங்கள், பலர் ஓம் என்பார்கள். நான் கேட்டேன், பிறகு தேவைப்படவில்லை, ஆனால் அந்தப் பயம் போனதால் கதைக்க முடிந்தது.

இல்லை என்று வந்தால் ஒரு கிழமை கழித்துக் காரணம் கேட்டு எழுதுங்கள். பத்தில் எட்டுப் பேர் பதில் தரமாட்டார்கள். பதில் தந்த ஒருவர்தான் எனக்கு ‘நீங்கள் எதைப் படமெடுக்கப்போகிறீர்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை’ என்று ஒரு வரி போட்டார். அப்போது கோபம் வந்தது.

கிடைத்தால், கையெழுத்து வைக்க முன் ஒப்பந்தத்தில் மூன்று இடத்தைப் பாருங்கள்: படங்களின் உரிமை யாருக்கு, கண்காட்சியோ புத்தகமோ வந்தால் செலவு யாருக்கு, அறிக்கை எப்போதெல்லாம். காசு தவணையாக வரும் என்றால் இரண்டாம் தவணை அந்த அறிக்கையில்தான் தொங்கும், கலியாண சீசனில் அறிக்கை நாள் விழாதபடி முதலே கேட்டு மாற்றுங்கள், மாற்றித் தருவார்கள். எடுத்ததை மூன்று பிரதியாக வையுங்கள், ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வெளியே. என்னுடைய மூன்றாவது டிஸ்க் வவுனியாவில் அக்கா வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய் மாற்றிவிட்டு மதியம் சாப்பிட்டுவிட்டு வருவேன்.